ஏழு ஊர் வேண்டாம், ஓவியர் பெலோட்டோ போன வழியில் போங்கள்

நீங்கள் கேட்டது இது: கோவையிலிருந்து நால்வர். நீங்கள், மனைவி, 68 வயது அப்பா, 12 வயது மகள். ஜூனில் 15 இரவுகள். விமானம் இறங்கியபின் எல்லாம் ரயில்தான். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம் என்று வரிசை போட்டிருக்கிறீர்கள். பழைய ஊர்கள், மியூசியங்கள், அரண்மனைகள் பார்க்க வேண்டும். பல நாட்டு ரயில்களுக்கும் ஒன்றாகச் செல்லும் யூரேல் பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட் வாங்குவதா?

பாஸ் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த வரிசையைக் கலைக்க வேண்டும். ஏழு ஊர் என்றால் ஆறு முறை பெட்டி கட்டி ஆறு முறை அவிழ்க்க வேண்டும். பெரும்பாலான ஓட்டல்களில் காலை பத்து, பதினொன்றுக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மதியம் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் நான்கு பேரும் பெட்டிகளோடு ஸ்டேஷனில். ஊர் மாறும் நாளில் பாதி நாள் போனதாகவே கணக்கு வையுங்கள். பதினைந்தில் ஆறு நாள் இப்படிப் போனால் மிச்சம் என்ன?

நான் பதினோரு வருடமாக வியன்னாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது கோடைக்காலத்தில் எனக்கு இரண்டாவது வேலை. முதல் வருடம் வந்த என் மாமியாரை ஒரே நாளில் மூன்று அரண்மனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவதில் ஒரு பெஞ்சைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "எல்லாத்துலயும் அதே தங்கத்தகடு, அதே கட்டில், அதே கண்ணாடி. நீங்க பாத்துட்டு வாங்க மாப்ள, நான் செருப்பக் கழட்டிட்டு இங்கயே இருக்கேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கதை இல்லாமல் பார்த்தால் எல்லா அரண்மனையும் தங்கத்தகடுதான். ஒரு ஊரில் பார்த்தது அடுத்த ஊரில் பார்ப்பதோடு பேச வேண்டும். அப்படிப் பேசிக்கொள்கிற ஐந்து ஊர்கள் ஒரே ரயில் பாதையில் கோத்தாற்போல் இருக்கின்றன: போட்ஸ்டாம், டிரெஸ்டன், பிராக், வியன்னா, மியூனிக். முறையே 3, 3, 3, 4, 2 இரவுகள். நான்கே முறை பெட்டி கட்டினால் போதும்.

இந்த வழிக்கு ஒரு துணை ஆள் உண்டு. பெர்னார்தோ பெலோட்டோ, வெனிஸ்காரர், ஓவியர். கனலேட்டோ என்ற பெரிய ஓவியரின் சகோதரி மகன், தானும் மாமன் பெயரையே போட்டுக்கொண்டவர். 1747இல் டிரெஸ்டனுக்கு வந்து, அதைத் தலைநகராகக் கொண்ட சாக்சனி நாட்டின் அரசவை ஓவியரானார். ஊர்களை அளந்து வைத்தாற்போல் வரைவார். 1756இல் பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் சாக்சனிக்குள் படையோடு புகுந்தார், ஏழாண்டுப் போர் தொடங்கியது. பிழைப்புப் போன பெலோட்டோ 1759இல் வியன்னாவுக்கும் 1761இல் மியூனிக்குக்கும் போனார். கிட்டத்தட்ட அதே திசையில்தான் உங்கள் ரயிலும் போகப் போகிறது.

ஆகவே முதலில் அவரை விரட்டியவரின் வீடு. பெர்லினில் இறங்குங்கள், ஆனால் போட்ஸ்டாமில் தங்குங்கள். பெர்லினுக்கு உள்ளூர் ரயிலில் அரை மணிதான், ஊர் அமைதியானது. திராட்சைக் கொடி ஏற்றிய படிக்கட்டுகளின் உச்சியில் ஒரே தளத்தில் மஞ்சளாக உட்கார்ந்திருக்கும் சான்சூசியை ஃபிரெடெரிக் 1745 முதல் 1747 வரை கட்டினார். பெயருக்குப் பிரெஞ்சில் 'கவலை இல்லாமல்' என்று பொருள். சின்ன அரண்மனை, அதுதான் அதன் அழகு. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அரசி அங்கே குடியிருந்ததே இல்லை. தன் நாய்களின் பக்கத்தில் அந்தத் திண்ணையிலேயே புதைக்கச் சொல்லியிருந்தார் ஃபிரெடெரிக். அது நடந்தது 1991இல்தான். கல்லறைக் கல்லின் மேல் உருளைக்கிழங்குகள் கிடப்பதைப் பார்த்து மகள் கேட்பாள்: நாட்டில் உருளைக்கிழங்கைப் பயிரிட வைத்த ராஜா என்பதால் வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதே பூங்காவின் மறுகோடியில் இருக்கும் புதிய அரண்மனை போர் முடிந்தபின் கட்டியது, 'எங்கள் கஜானா காலியாகவில்லை' என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக. சான்சூசியையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போர் ஒரு மனிதரை என்ன செய்தது என்று புரியும். சான்சூசிக்குத் திங்கள் விடுமுறை, புதிய அரண்மனைக்குச் செவ்வாய். சான்சூசி டிக்கெட்டில் நுழையும் நேரம் அச்சிட்டிருக்கும், தாமதமாகப் போனால் கெஞ்சிப் பயனில்லை.

பெர்லினுக்கு நடுவில் ஒரு நாள் போய்வாருங்கள். அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் விட்டுவிடுகிறேன்.

டிரெஸ்டன் பெர்லினிலிருந்து இரண்டு மணி நேரம். இங்கேதான் உண்மையில் நிதானிக்க வேண்டும். போன அன்று மாலையே பழைய ஊரிலிருந்து அகஸ்டஸ் பாலத்தைக் கடந்து எல்பே ஆற்றின் மறுகரைப் புல்வெளிக்கு வாருங்கள். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அங்கிருந்து பார்த்துத்தான் பெலோட்டோ 1748இல் தன் புகழ்பெற்ற டிரெஸ்டன் காட்சியை வரைந்தார். அந்த ஓவியத்தில் அரசவைத் தேவாலயத்தின் கோபுரத்தில் இன்னும் சாரம் கட்டியிருக்கும், வேலை முடியவில்லை. மறுநாள் ட்ஸ்விங்கர் அரண்மனையில் உள்ள ஓவியக் கூடத்தில் அசல் படத்தைப் பார்க்கும்போது, முந்தின மாலை பார்த்த கோபுரங்களை மகளே அடையாளம் காட்டுவாள். அப்புறம் அதே கூடத்தில் 1765இல் அவர் வரைந்த இன்னொன்றைத் தேடுங்கள்: இடிந்து நிற்கும் சிலுவைத் தேவாலயம். 1760இல் ஃபிரெடெரிக்கின் பீரங்கிகள் செய்த வேலை. பெலோட்டோவின் சொந்த வீடும் அந்தக் குண்டுவீச்சில்தான் போனது. 'கவலை இல்லாமல்' திண்ணை நினைவுக்கு வரும்.

அந்த ஊர் இரண்டாவது முறை அழிந்தது 1945 பிப்ரவரியில். ஃபிராவன்கிர்ஷே தேவாலயம் குண்டுவீச்சுக்குப் பின் இடிந்து விழுந்து, நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் கற்குவியலாகவே கிடந்தது. 2005இல் திரும்பத் திறந்தார்கள். வெளிர் சுவரில் அங்கங்கே கறுப்பாகத் தெரிவது பழைய கற்கள்.

ராஃபேலின் சிஸ்டைன் மடோனாவும் ட்ஸ்விங்கரில்தான். படத்தின் அடியில் கன்னத்தில் கைவைத்து அலுத்துப்போய் மேலே பார்க்கும் இரண்டு குட்டித் தேவதைகளை நீங்கள் எத்தனையோ வாழ்த்து அட்டையில் பார்த்திருப்பீர்கள், அவை இந்தப் படத்திலிருந்து வந்தவை என்று தெரிந்திருக்காது.

ஆனால் அப்பாவுக்கு நான் காட்ட விரும்புவது வேறு. ட்ஸ்விங்கரை அடுத்த அரசர் அரண்மனையில் 'பச்சை மாடம்' என்ற கருவூலம் இரண்டு பகுதியாக இருக்கிறது. மேல்மாடியில் உள்ள புதிய பச்சை மாடத்தில் ஔரங்கசீப் இருக்கிறார். டிங்ளிங்கர் என்ற பொற்கொல்லர் தன் ஆட்களோடு 1701 முதல் 1708 வரை உட்கார்ந்து செய்த தங்கக் கொலு: டில்லி தர்பாரில் பாதுஷாவின் பிறந்தநாள். நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள், யானை, ஒட்டகம், பல்லக்கு, ஆயிரக்கணக்கான வைரங்கள். வேலை தொடங்கியபோது ஔரங்கசீப் உயிரோடுதான் இருந்தார், முடியும் முன்னால் 1707இல் இறந்துபோனார். டிங்ளிங்கர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. டவர்னியே, பெர்னியே போன்ற பயணிகள் எழுதியதை வைத்துக் கற்பனை செய்தார். அதனால் தர்பாரில் சீனமும் எகிப்தும் கலந்து கிடக்கும். தன் அரசனே டில்லி பாதுஷா மாதிரி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பியச் சபலத்தை இதைவிட நேராக எந்தப் பொருளும் சொல்லாது. நான் அங்கே ஒரு முழு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

கீழே உள்ள பழைய பச்சை மாடத்துக்கு நேரம் குறித்த தனி டிக்கெட் வேண்டும். 2019 நவம்பரில் திருடர்கள் ஜன்னல் கம்பியை அறுத்து நுழைந்த இடம் அது. போன நகைகளில் பெரும்பகுதி 2022 டிசம்பரில் திரும்பக் கிடைத்தது. இந்த அரண்மனைக்கு விடுமுறை செவ்வாய், ட்ஸ்விங்கர் ஓவியக் கூடத்துக்குத் திங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு பூட்டிய கதவின் முன் நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் இரண்டு யோசனை. எஸ்-1 உள்ளூர் ரயிலில் ஒரு பக்கம் போனால் மைசன். ஐரோப்பாவின் முதல் பீங்கான் ஆலை 1710இல் அங்கே தொடங்கியது. எதிர்ப்பக்கம் போனால் பீர்னா, கோனிக்ஷ்டைன். இரண்டையும் பெலோட்டோ வரைந்திருக்கிறார். கோனிக்ஷ்டைன் மலைக்கோட்டைக்கு லிஃப்ட் இருக்கிறது, அப்பா வரலாம். நான் கோட்டைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பீங்கானைப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவதற்கு மனக்கட்டுப்பாடு வேண்டும்.

டிரெஸ்டனிலிருந்து பிராக் போகும் இரண்டரை மணி நேரம் இந்தப் பயணத்தின் மிக அழகான ரயில் பாதை. போகும் திசையில் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். எல்பே ஆறு எல்லைவரை கூடவே வரும், எல்லை தாண்டியும் விடாது. செங்குத்தான மணற்கல் பாறைகள், ஆற்றைக் கடக்கும் குட்டிப் படகுகள், முந்தின நாள் ஏறிய கோட்டை தலைக்கு மேலே. செக் ரயிலின் உணவுப் பெட்டியில் போய் உட்கார்ந்து காப்பி சொல்லுங்கள். அசைவம் வேண்டாதவர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் செக் நாட்டில் எங்கேயும் கிடைக்கும், அந்த மூன்று நாளும் அது காப்பாற்றும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டி மேலே வைத்துவிடாதீர்கள். ஷெங்கன் எல்லைதான் (வழக்கமாகப் பாஸ்போர்ட் சோதனை இல்லாதது) என்றாலும் ஜெர்மனிப் பக்கம் ரயிலில் போலீஸ் ஏறிப் பார்ப்பது இப்போது சகஜம். இதே எச்சரிக்கை சால்ஸ்பர்க்–மியூனிக் ரயிலுக்கும் பொருந்தும்.

பிராகில் எல்லோரும் போகிற சார்லஸ் பாலத்துக்கும் வானியல் கடிகாரத்துக்கும் நீங்களும் போவீர்கள், காலை ஏழு மணிக்குப் போங்கள். பிராக் கோட்டைக்குள் கூட்டம் முட்டும்போது கிழக்குக் கோடியில் உள்ள லோப்கோவிட்ஸ் அரண்மனைக்குள் நுழைந்துவிடுங்கள். நாஜிகளிடம் ஒரு முறையும் கம்யூனிஸ்ட் ஆட்சியிடம் மறு முறையும் சொத்தை இழந்து, 1989க்குப் பின் திரும்பப் பெற்ற குடும்பத்தின் மியூசியம் அது. அங்கே ஓவியர் பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த 'வைக்கோல் அறுவடை' இருக்கிறது. வருடத்தின் பருவங்களை வரைந்த தொடரில் ஒன்று. ஆறு படங்கள் என்று கருதுகிறார்கள், ஐந்துதான் மிச்சம். கோடையின் தொடக்கம் பிராகில். முழு அறுவடை நியூயார்க்கில். மற்ற மூன்றும் வியன்னாவில். நீங்கள் ஜூனில் வைக்கோல் படத்தைப் பார்த்துவிட்டு நான்கு மணி நேர ரயிலில் போய் இறங்கினால், இரண்டே நாளில் 'பனியில் வேடர்கள்' முன் நிற்பீர்கள். கோடையிலிருந்து குளிர்காலத்துக்கு ரயிலில் போகிற மாதிரி.

பிராக்–வியன்னா ரயில் பிர்னோ வழியாகப் போகும். வீட்டுக் கட்டடக்கலையில் ஆர்வம் இருந்தால் அங்கே இறங்கி, கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1930இல் முடித்த டுகெண்ட்ஹாட் வீட்டைப் பார்க்கலாம். டிக்கெட் சில மாதம் முன்பே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையென்றால் வருத்தப்படாமல் உட்கார்ந்தே இருங்கள்.

இனி என் ஊர். ஷோன்ப்ரூன் அரண்மனைக்குக் காலை முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து கொட்டும். 1,441 அறை என்பார்கள், காட்டுவது சில பத்து அறைகளை மட்டும். ஆறு வயது மொசார்ட் 1762இல் பேரரசி மரியா தெரேசா முன்னால் வாசித்தார். சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் 1830இல் பிறந்ததும் 1916இல் இறந்ததும் இங்கேயே. 1918இல் கடைசிச் சக்கரவர்த்தி ஆட்சிப் பொறுப்பை விட்டு விலகிக் கையெழுத்துப் போட்டதும் இங்கேதான். ஒரு பேரரசின் நடுப்பகலும் அஸ்தமனமும் ஒரே மாடியில். தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. மகள் கேட்டால் 1752இல் தொடங்கிய விலங்குக் காட்சி சாலையும் அங்கேயே.

கலை வரலாற்று மியூசியத்துக்கு வியாழக்கிழமை மாலை போங்கள், இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், ஏழு மணிக்கு மேல் புரூகல் அறையில் ஆள் குறைவு. அங்கேயே நம் பெலோட்டோவும் இருக்கிறார்: மேல் பெல்வெடேர் அரண்மனையிலிருந்து பார்த்த வியன்னா. மறுநாள் பெல்வெடேர் போய் அதே கோணத்தில் நில்லுங்கள். இடப்பக்கம் கார்ல்ஸ்கிர்ஷே குவிமாடம், நடுவே ஸ்டெஃபான் தேவாலயக் கோபுரம், கீழே தோட்டம். கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இந்தக் காட்சிக்குள் ஒரு அடுக்குமாடிக் கோபுரம் எழும்பப் போகிறது என்ற சண்டையில்தான் யுனெஸ்கோ 2017இல் வியன்னாவை ஆபத்துப் பட்டியலில் போட்டது. டிரெஸ்டனுக்கு இன்னும் மோசம்: எல்பே மேல் புதுப் பாலம் கட்டியதற்காக 2009இல் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஓவியர் கிளிம்ட்டின் 'முத்தம்' பெல்வெடேரில்தான் இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கூட்டமே காட்டிக்கொடுக்கும்.

ஆஸ்திரிய அரசு மியூசியங்களில் 19 வயதுக்குக் கீழ் இலவசம். ஷோன்ப்ரூன் அந்தக் கணக்கில் வராது. ஹோஃப்பர்க் அரண்மனையில் சிஸி (பேரரசி எலிசபெத்) மியூசியத்தை நான் விட்டுவிடச் சொல்வேன். அதற்குப் பதில் அங்கேயே கருவூலத்தில் புனித ரோமப் பேரரசின் கிரீடம், ஆயிரம் வருடப் பழசு. செவ்வாய் விடுமுறை. ஒரு நாள் மெல்க். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், இறங்கியதும் தலைக்கு மேல் மஞ்சள் மடாலம். பார்த்துவிட்டு டான்யூப் ஆற்றில் படகில் கிரெம்ஸ் வரை வந்து, அங்கிருந்து ரயிலில் வியன்னா திரும்பலாம்.

வியன்னாவிலிருந்து மியூனிக் நான்கு மணி நேரம். வழியில் சால்ஸ்பர்கில் பெட்டிகளை லாக்கரில் போட்டுவிட்டு அரை நாள் சுற்றலாம். ஜூலைக் கடைசியில் இசை விழா தொடங்கிவிட்டால் அறை விலை கழுத்தை நெரிக்கும், ஜூனில் அந்தத் தொல்லை இல்லை. மியூனிக்கில் பெலோட்டோ 1761இல் வரைந்த நிம்ஃபன்பர்க் அரண்மனைக்கு டிராம் போகும். பிரதான மாளிகையைவிடத் தோட்டத்துக்குள் இருக்கும் அமாலியன்பர்க் என்ற வேட்டை மாளிகையைத் தவற விடாதீர்கள், வெள்ளியும் கண்ணாடியுமாக ஒரு வட்ட அறை.

ஒரு நாள் மிச்சமிருந்தால் சால்ஸ்பர்க் பாதையில் உள்ள பிரீன் ஸ்டேஷன். அங்கிருந்து 1887இல் தொடங்கிய குட்டி நீராவி ரயில் ஏரிக்கரைக்குப் போகும், அப்புறம் படகு, அப்புறம் ஹெரன்கீம்சே தீவு. பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் 1878இல் தொடங்கிய, பாரிஸ் பக்கத்து வெர்சாய் அரண்மனையின் நகல். கண்ணாடிக் கூடம் அசலைவிட நீளம். முடிக்காமலே 1886இல் இறந்தார், அதில் தங்கியது ஏறக்குறைய பத்து நாள். பாரிஸ் போகவில்லையே என்ற மனைவியின் மனக்குறைக்கு இதுதான் என்னால் ஆன மருந்து.

இப்போது பாஸ். இந்த வழிக்குத் தேவையில்லை. நீண்ட பயணம் நான்குதான், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டி வாங்கினால் குறைந்த விலை டிக்கெட் கிடைக்கும். டிரெஸ்டன்–பிராக் டிக்கெட்டைச் செக் ரயில்வே தளத்திலும் பாருங்கள், பல நேரம் அங்கே மலிவு. பாஸில் இலவசக் குழந்தை 11 வயதோடு முடிகிறது, உங்கள் மகளுக்குக் கிடையாது. ஆனால் ஜெர்மனிக்குள் நெடுந்தூர ரயில்களில் 14 வயது வரை பெரியவரோடு இலவசம், டிக்கெட்டில் குழந்தையையும் சேர்த்திருக்க வேண்டும். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ரயில் ஒரு மணி தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும் இரண்டு மணி தாமதமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம், அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். உட்காரும் இடம் டிக்கெட்டோடு தானாக வராது. சில யூரோ கொடுத்து ரிசர்வ் செய்யுங்கள். ஜூனில் நின்றுகொண்டு பிராக் போன அனுபவம் எனக்கு இருக்கிறது, அப்பாவுக்கு வேண்டாம். கோடையில் தண்டவாள வேலை நடக்கும், சில துண்டுகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும். புறப்படும் முந்தின இரவு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அரண்மனைகள் பலவற்றில் ஏ.சி. கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வெந்துபோவீர்கள். காலையில் அரண்மனை, மதியம் ஓட்டலில் தூக்கம், மாலை ஆற்றங்கரை. ஞாயிறு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடை மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷன்களுக்குள் இருக்கும் கடை மட்டும் திறந்திருக்கும். வியன்னாவில் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர், 1873 முதல்.

விசாவை ஜெர்மனியிடம் விண்ணப்பியுங்கள். அதிக இரவு தங்கும் நாடு எதுவோ அதனிடம்தான் கேட்க வேண்டும். இந்தக் கணக்கில் ஜெர்மனி எட்டு, ஆஸ்திரியா நான்கு, செக் மூன்று. அப்பாவுக்குப் படகுப் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாது என்றால் மெல்க்கில் படகை எடுத்துவிட்டு நாளை மாற்றிப் போட்டுத் தருகிறேன்.